முதன்முறையாக மலையகம் வருகிறவர்களுக்கு: விசாவிலிருந்து அட்டைக்கடி வரை

நான் இலங்கையின் தேயிலை மலைநாடான மலையகத்தில், ஹட்டன் பக்கத்துக்காரன். டிசம்பர் வந்தால் போதும், தமிழ்நாட்டில் இருந்தும் மலேசியாவில் இருந்தும் தெரிந்தவர்கள், தெரிந்தவருக்குத் தெரிந்தவர்கள் என்று கேள்விகள் வரிசையாக வரும். விசா எப்படி, ரயில் டிக்கட் எங்கே, குளிருமா, தோட்டத்துக்குள் போகலாமா, 1970களில் பிரிந்துபோன சித்தப்பா குடும்பத்தைத் தேடிப் பிடிக்க முடியுமா. எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன். தமிழ் பேசத் தெரிந்தால் மலையகத்தில் பாதிக் கதவு தானாகத் திறந்துவிடும், அது உண்மைதான். அந்தத் தெம்பிலேயே கடதாசி வேலையையும் மழையையும் பாதையையும் லேசாக எடுத்துக்கொண்டு வந்து அவதிப்படுகிறவர்களும் தமிழர்கள்தான். அதனால் முதலில் கடதாசி.

விசா

இலங்கைக்கு வர ஈ.டி.ஏ. என்கிற பயண அனுமதி எடுக்க வேண்டும். ஆன்லைனில் குடிவரவுத் திணைக்களத்தின் சொந்தத் தளத்தில் மட்டும் எடுங்கள், முகவரி 'கவ் டாட் எல்கே' என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு விவரம் கொடுங்கள். தேடிப் பார்த்தால் அதே மாதிரித் தோற்றத்தில் பல தளங்கள் வரும், அவை இடைத்தரகர்களுடையவை, மேலதிகக் காசு வாங்குவார்கள். பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத்துக்கு எழுத்து கொடுங்கள். நம்மவர்களுக்கு இனிஷியலும் அப்பா பெயரும் முன்னும் பின்னும் இருப்பதால் பிழை வருவது பெரும்பாலும் இங்கேதான். சுற்றுலா அனுமதி வழக்கமாக 30 நாளுக்குக் கிடைக்கும், அதற்கு மேல் தங்க வேண்டுமானால் நாள் முடிவதற்கு முன்பே நீடிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். முடிந்த பிறகு போய் நின்றால் அபராதம்தான்.

எந்த நாட்டவருக்கு எவ்வளவு கட்டணம், யாருக்கு இலவசம் என்பது கடந்த சில வருடங்களில் பல தடவை மாறிவிட்டது. போன வருடம் வந்த நண்பர் சொன்ன தொகையை நம்பாதீர்கள். டிக்கட் போடும்போது ஒரு தடவை, புறப்படும் வாரத்தில் இன்னொரு தடவை அதே அரசாங்கத் தளத்தில் பாருங்கள். அனுமதி மின்னஞ்சலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள், போனில் சார்ஜ் தீர்ந்த நேரத்தில்தான் விமான நிறுவன கவுண்டரில் கேட்பார்கள்.

பாஸ்போர்ட் வந்திறங்கும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். திரும்பிப் போகும் டிக்கட், தங்குமிட விலாசம், செலவுக்குக் காசு இருப்பதற்கான ஆதாரம் ஆகியவற்றைக் கேட்டால் காட்டத் தயாராக இருங்கள். வருகை அட்டை ஒன்றும் நிரப்ப வேண்டும், அதற்குக் கட்டணம் கிடையாது. மஞ்சள் காய்ச்சல் உள்ள ஆபிரிக்க, தென்னமெரிக்க நாடுகள் வழியாக வருபவர்கள் தடுப்பூசிச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும்.

இதில் ஒரு கூட்டத்தாருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போன குடும்பங்களில், பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் ஹட்டன் என்றோ பதுளை என்றோ இருக்கும் பெரியவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். இந்திய பாஸ்போர்ட் இருந்தால் உங்களுக்கும் மற்ற இந்தியர்களுக்கு உள்ள நடைமுறைதான், பயப்பட ஒன்றுமில்லை. இந்தியக் குடியுரிமை இல்லாமல் தமிழ்நாட்டு அகதி முகாம்களில் இருப்பவர்களுடைய விஷயம் முற்றிலும் வேறு, இந்தக் கட்டுரையை வைத்து முடிவெடுக்காமல் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் நேரில் பேசிவிட்டே புறப்படுங்கள்.

அப்புறம், சுற்றுலா அனுமதியில் வந்து சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. கேமரா குழுவோடு ஆவணப்படம் எடுக்க வருபவர்களுக்கு வேறு அனுமதி வேண்டும். டிரோன் பறக்கவிட சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும், தேயிலை மலை மேல் ஒரு ஐந்து நிமிடம்தானே என்றாலும் வேண்டும்.

எப்போது வருவது

மலையகம் முழுவதுக்கும் ஒரே சீசன் கிடையாது. ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை, நுவரெலியா எல்லாம் மலையின் மேற்குப் பக்கம், மே மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை செப்டம்பர் வரை இங்கேதான் கொட்டும். ஹப்புத்தளை, பண்டாரவளை, எல்ல, பதுளை எல்லாம் ஊவாப் பக்கம், அதாவது மலையின் கிழக்குப் பக்கம், ஆகஸ்டில் நாங்கள் குடையோடு நிற்கும்போது அங்கே காய்ச்சல் வெயில் அடிக்கும். அங்கே மழை ஒக்டோபரில் இருந்து ஜனவரி வரை. இதைத் தெரிந்துகொண்டால் திட்டம் போடுவது சுலபம்: ஜனவரி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை என்றால் ஹட்டன், நுவரெலியாப் பக்கம், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை என்றால் பதுளைப் பக்கம்.

தவிர்க்க வேண்டிய நாட்களும் உண்டு. தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்கிற எங்கள் பிள்ளைகள் மொத்தமாக ஊருக்கு வருவார்கள், பஸ்ஸில் ஏற இடம் இருக்காது. அந்த இடம் அவர்களுக்கு வேண்டும். ஏப்ரல் 13, 14 சித்திரைப் புத்தாண்டுக்குக் கடைகள் பூட்டிக் கிடக்கும், அந்த மாதம் முழுக்க நுவரெலியாவில் மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம் என்று அறை வாடகை எங்கேயோ போய்விடும். ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை, அன்றைக்கு மதுக்கடையும் இறைச்சிக் கடையும் திறக்காது.

மழையில் பயப்பட வேண்டியது மண்சரிவுக்குத்தான். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலை சரிந்து நிறைய உயிர்கள் போயின, பாதைகள் உடைந்தன, மலையக ரயில் பாதையும் பல இடங்களில் சிதைந்தது. ஆகவே வருவதற்கு முன், ரயில் எந்த இடம் வரைக்கும் ஓடுகிறது, எந்தப் பாதை மூடியிருக்கிறது என்று தங்கப்போகும் இடத்தில் கேளுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையைப் பிரதேசவாரியாக வெளியிடும், சிவப்பு என்றால் அந்தப் பக்கம் போகவே கூடாது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, பொலிஸ் 119, இலவச அம்புலன்ஸ் 1990. இந்த மூன்றையும் இப்போதே போனில் பதிந்து வையுங்கள்.

வந்திறங்கி மலை ஏறுவது

பெரும்பாலானோர் கொழும்புப் பக்கம் உள்ள கட்டுநாயக்க விமான நிலையத்தில்தான் இறங்குவீர்கள். சென்னையில் இருந்து யாழ்ப்பாணத்துக்கும் விமானம் உண்டு, நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பலும் 2023 ஒக்டோபரில் தொடங்கியது, கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அது நிற்கும். வடக்கையும் பார்க்கிற எண்ணம் இருந்தால் யாழ்ப்பாணம் வந்து வவுனியா, தம்புள்ள, மாத்தளை வழியாகக் கண்டிக்கு இறங்கலாம், வழியில் மாத்தளை முத்துமாரியம்மனையும் கும்பிட்டுவிடலாம். மலையகம் மட்டும்தான் என்றால் கட்டுநாயக்கவே வசதி.

விமான நிலையத்திலேயே சிம் வாங்கி, கொஞ்சம் காசு மாற்றிக்கொள்ளுங்கள். இந்திய நோட்டு மலையகக் கடைகளில் செல்லாது. போன்பே 2024 முதல் இங்கே லங்கா கியூஆர் உள்ள இடங்களில் வேலை செய்கிறது என்றாலும் அதை நம்பி வெறுங்கையோடு பஸ் ஏறாதீர்கள், கண்டக்டரிடம் சில்லறை நோட்டுத்தான் பேசும். ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை மாதிரி டவுன்களில் ஏடிஎம் இருக்கிறது, தோட்டப் பக்கம் போவதற்கு முன் அங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

ரயில் என்றால் கொழும்பு கோட்டை நிலையத்தில் இருந்து பதுளை வரை. இந்தப் பாதை 1885இல் நானுஓயாவுக்கு வந்து, 1924இல் பதுளையை அடைந்தது, பட்டிப்பொலவுக்குப் பக்கத்தில் 1,898 மீட்டர் உயரத்தில் உச்சியைத் தொடும். முன்பதிவு இருக்கைகள் ஒரு மாதம் முன்பே திறக்கும், திறந்த கொஞ்ச நேரத்தில் காலியாகிவிடும். அதற்குப் பிறகு தரகர் கையில் இரண்டு மடங்கு மூன்று மடங்கு விலைக்கு வரும் டிக்கட்டை வாங்காதீர்கள். முன்பதிவில்லாத இரண்டாம், மூன்றாம் வகுப்பு டிக்கட் அன்றைக்கே நிலையத்தில் கிடைக்கும், முண்டியடிக்க வேண்டும், ஆனால் ஏறலாம். சனக்கூட்டம் பிடிக்காதவர்கள் கோட்டையில் இருந்து ஏறாமல் ஹட்டனில் இருந்து ஹப்புத்தளை வரை மட்டும் போங்கள், பார்க்க வேண்டியதில் பெரும்பகுதி அந்தத் துண்டில்தான் இருக்கிறது.

இறங்கும் இடம் தெரியாமல் நிறையப் பேர் குழம்புவார்கள். நுவரெலியா டவுனில் ரயில் நிலையம் இல்லை, நானுஓயாவில் இறங்கி பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும். சில ரயில்கள் கண்டிக்குள் போகாமல் பேராதனையில் இருந்தே திரும்பிவிடும், அதனால் கண்டியில் ஏறுவதாக இருந்தால் அந்த ரயில் கண்டி வருகிறதா என்று கேட்டுவிட்டு நில்லுங்கள். சிவனொளிபாதமலைக்கு, அதாவது ஆதாம் மலைக்கு, ஹட்டனில் இறங்குங்கள். ஒன்பது வளைவுப் பாலம் எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவில்.

ரயில் வாசலில் கம்பியைப் பிடித்துத் தொங்கிப் படம் எடுப்பது இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது. தயவுசெய்து செய்யாதீர்கள். சுரங்கச் சுவரும் பாறையும் சில இடங்களில் பெட்டியோடு உரசுகிற தூரத்தில் இருக்கின்றன, உயிர் போயிருக்கிறது. வாசலில் உட்கார்ந்து காலைத் தொங்கப் போடுவதும் அப்படித்தான், பிளாட்பாரம் வந்தால் கால் மாட்டும்.

பஸ் என்றால் கொழும்பில் இருந்து அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை வழியாக ஹட்டன், ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வளைவு அதிகம், தலைச்சுற்றல் உள்ளவர்கள் முன்பக்கம் உட்கார்ந்து ஒரு துண்டு இஞ்சியை வாயில் போட்டுக்கொள்ளுங்கள். இரவு நேர நெடுந்தூர பஸ்ஸை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். 2025 மே மாதம் கொத்மலை கெரண்டி எல்லவில் விடிகாலையில் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். பகலில் வாருங்கள், மலையையும் பார்த்த மாதிரி இருக்கும். பஸ் போர்டில் சிங்களம்தான் பெரிதாக இருக்கும், தமிழ் சின்னதாக இருக்கும் அல்லது இருக்காது. கண்டக்டரிடம் ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும், ஹட்டன் பஸ்ஸில் தமிழ் தெரியாத கண்டக்டரைக் காண்பது கஷ்டம்.

என்ன கொண்டு வருவது

வெப்பமண்டலத் தீவு என்று படித்துவிட்டு பருத்திச் சட்டையோடு வந்து இறங்குகிறார்கள். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், ஜனவரி இரவில் பத்து டிகிரிக்குக் கீழே போகும், விடியலில் புல்லில் உறைபனி படிகிற நாட்களும் உண்டு, சாதாரண விடுதிகளில் ஹீட்டர் இருக்காது. ஸ்வெட்டர், காதை மூடும் தொப்பி, காலுறை இரண்டு மூன்று சோடி, மழைக்கோட்டு. குடையைக் காற்று பிய்த்துவிடும். சறுக்காத அடிப்பாகம் உள்ள சப்பாத்து முக்கியம், தேயிலை மலைப் பாதையில் ஈரமான சிவப்பு மண் சோப்பு மாதிரி வழுக்கும்.

அட்டையைப் பற்றி எல்லாரும் கேட்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மழை பெய்த மறுநாள் புல்லும் ஈரச் சருகும் உள்ள எந்தப் பாதையிலும் இருக்கும். கடிப்பது தெரியாது, காலுறை நனைந்த மாதிரி இருக்கிறதே என்று குனிந்து பார்த்தால் இரத்தம், அதற்குள் அட்டை ஒரு கொழுத்த திராட்சை அளவில் விரலிடுக்கில் இருக்கும். பிய்த்து இழுக்காதீர்கள். விரல் நகத்தை வாய்ப்பக்கம் தோலோடு ஒட்டிச் செலுத்தித் தள்ளினால் விட்டுவிடும். தடுப்பதற்கு எங்கள் ஆட்கள் செய்வது சவர்க்காரத்தை உலர்ந்தபடியே கணுக்கால் வரை தேய்ப்பதும் சித்தாலேப என்கிற மூலிகைத் தைலம் பூசுவதும்தான், காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிவிட்டால் இன்னும் நல்லது. இரத்தம் கொஞ்ச நேரம் நிற்காமல் வடியும், அதற்காகப் பயப்பட வேண்டாம், கழுவி ஒரு துணியால் கட்டிவிட்டால் சரியாகும்.

வழக்கமாகப் போடும் மருந்தை டாக்டர் சீட்டோடு போதுமான அளவு கொண்டு வாருங்கள். தண்ணீர் கொதிக்க வைத்ததையே குடியுங்கள், கேட்டால் எந்தச் சாப்பாட்டுக் கடையிலும் சுடுதண்ணி தருவார்கள்.

பார்க்கும் இடங்கள், சுருக்கமாக

சிவனொளிபாதமலை சீசன் டிசம்பர் போயாவில் தொடங்கி மே மாத வெசாக் போயாவோடு முடியும். நல்லதண்ணியில் இருந்து இரவு ஒன்றரை இரண்டு மணிக்கு ஏறத் தொடங்கினால் சூரியன் வருவதற்கு முன் 2,243 மீட்டர் உச்சியில் நிற்கலாம், ஐயாயிரத்துக்கு மேல் படி. சீசனில் வழி முழுக்க விளக்கும் தேத்தண்ணிக் கடையும் இருக்கும், சீசன் இல்லாத மாதங்களில் இருட்டு, மழை, அட்டை, தனியாகப் போகாதீர்கள். போயாவிலும் வார இறுதியிலும் படியிலேயே மணிக்கணக்கில் நிற்க நேரும், செவ்வாய் புதனில் போங்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைப் பிடிக்கும், பெரியவர்களுக்கு ஒரு தடி வேண்டும். நான்கு சமயத்தாரும் கும்பிடும் மலை, மேலே செருப்பைக் கழற்றி அமைதியாக நில்லுங்கள்.

ஹோட்டன் சமவெளிக்கு விடியலிலேயே போய்விட வேண்டும், ஒன்பது பத்து மணிக்கு மேல் அங்குள்ள உலக முடிவு என்கிற செங்குத்துப் பாறை விளிம்பில் பனிமூட்டத்தைத் தவிர ஒன்றும் தெரியாது. ஒன்பதரை கிலோமீட்டர் நடை, வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் அதிகம், பொலித்தீன் உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். சீதாஎலிய அம்மன் கோவில் நுவரெலியாவில் இருந்து பண்டாரவளைப் பாதையிலேயே இருக்கிறது. ஹப்புத்தளைக்கு மேலே லிப்டன் சீட்டுக்கு தம்பேதன்னை ஸ்டோர் வழியாக நடந்தே போனால், மலை மலையாக, லயம் லயமாக (லயம் என்றால் தொழிலாளர் வரிசை வீடு), தோட்டம் எப்படி அடுக்கியிருக்கிறது என்று புரியும். ஸ்டோர் என்றால் இங்கே தேயிலைத் தொழிற்சாலை.

புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுப்பது, புத்தர் உருவம் போட்ட சட்டையோ குத்திய பச்சையோ தெரியத் திரிவது இரண்டும் இங்கே பெரிய பிரச்சினையாகும், அதற்காகத் திருப்பி அனுப்பப்பட்டவர்களும் இருக்கிறார்கள்.

தோட்டத்துக்குள் போகும்போது

எனக்கு இந்தக் கட்டுரையில் முக்கியமான பகுதி இதுதான். தோட்டத்துப் பாதையில் நடக்க யாரும் தடுக்கமாட்டார்கள், ஆனால் அது கம்பனி நிலம், ஸ்டோருக்குள் போக அனுமதி கேட்க வேண்டும். கொழுந்து பறிக்கும் அக்காமார் சிரித்துக்கொண்டு நிற்பார்கள், நீங்கள் தமிழில் பேசினால் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று அவர்களே கேட்பார்கள். பேசுங்கள். ஆனால் கூடையோடு இப்படித் திரும்புங்கள், அப்படி நில்லுங்கள் என்று அரை மணி நேரம் நிறுத்தி வைத்தால் அவர்களுக்கு அன்றைய கிலோ குறையும், குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம்தான். கங்காணியும் பார்த்துக்கொண்டுதான் நிற்பார். ஒரு படம் வேண்டுமானால் கேட்டுவிட்டு எடுங்கள், கொழுந்து நிறுக்கும் இடத்தில் வரிசையில் நிற்கும்போது பேசுங்கள், அப்போது அவர்களுக்குக் கொஞ்சம் நேரம் இருக்கும்.

லயத்து வீடு என்பது பலருக்கு ஒரு அறை, ஒரு குசினி, முன்னால் ஒரு சின்ன இஸ்தோப்பு, அதாவது திண்ணை. கதவு திறந்திருந்தால் உள்ளே படுக்கை வரை தெரியும். அந்தக் கதவுக்கு நேரே கேமராவைத் தூக்காதீர்கள். உங்கள் வீட்டுப் படுக்கையறையை வழிப்போக்கர் படம் எடுத்தால் விடுவீர்களா? பிள்ளைகளுக்கு இனிப்போ காசோ நீட்டாதீர்கள், அடுத்த வண்டியைத் துரத்திக்கொண்டு ரோட்டுக்கு ஓடிவரப் பழகிவிடுவார்கள். கொடுக்க மனமிருந்தால் தோட்டப் பாடசாலை அதிபரைப் பார்த்துக் கேளுங்கள்.

உறவைத் தேடி வருகிறவர்கள் வீட்டில் இருந்தே தகவல் சேர்த்துக்கொண்டு வாருங்கள். தோட்டத்தின் பெயர் மட்டும் போதாது, அதற்குள் எந்த டிவிஷன், அதாவது எந்தப் பிரிவு, என்பது வேண்டும், தாத்தாவின் முழுப்பெயரைவிட ஊரார் கூப்பிட்ட பட்டப்பெயர் அதிகம் உதவும். பழைய கடித உறை இருந்தால் அதிலுள்ள தபாலகப் பெயரைப் பாருங்கள், அதை வைத்தே டவுனைக் கண்டுபிடித்துவிடலாம். 1972, 75இல் தோட்டங்களை அரசு எடுத்து, 1992இல் மறுபடி கம்பனிகளிடம் நிர்வாகத்தைக் கொடுத்ததில் பெயர்ப்பலகைகள் மாறியிருக்கும், சில டிவிஷன்கள் காடாகிவிட்டன. தோட்ட அலுவலகத்தில் கேட்பதோடு நிறுத்தாமல் மாரியம்மன் கோவில் பூசாரியையும் பழைய கடைக்காரரையும் கேளுங்கள், வயதான ஒரு அம்மாவிடம் கொண்டுபோய் விடுவார்கள், அவருக்கு எல்லாக் குடும்பமும் தெரிந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை போங்கள். வேலை நாளில் போனால் உங்களுக்காக ஒருவர் பேரை, அதாவது அன்றைய நாள் சம்பளத்தை, விட வேண்டிவரும், சொல்லவும் மாட்டார்கள். கோழி அடித்துச் சமைக்கத்தான் செய்வார்கள், மறுத்தால் மனம் நோகும், அதனால் போகும்போதே டவுனில் அரிசி, சீனி, மரக்கறி வாங்கிக்கொண்டு போங்கள். தமிழ்நாட்டில் இருந்து சேலை கொண்டு வருவது நல்லது, எல்லாருக்கும் பிடிக்கும், மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்தால் வியாபாரச் சரக்கு என்று சுங்கத்தில் நிறுத்துவார்கள். இரவு தங்கச் சொல்லி வற்புறுத்துவார்கள், அந்த ஒரே அறையில் அவர்கள் எங்கே படுப்பார்கள் என்று யோசித்து டவுனிலேயே அறை போட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது

தேயிலை வாங்குகிறவர்கள் பொதியில் வாளேந்திய சிங்கச் சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள், இலங்கையிலேயே பொதி செய்த சுத்தமான இலங்கைத் தேயிலைக்குத்தான் அது கிடைக்கும். நம் வீட்டுப் பால் டீக்கு டஸ்ட் அல்லது பி.ஓ.பி.எஃப். என்கிற பொடி வகை வாங்குங்கள், பெரிய இலை வகை வெறுந்தேத்தண்ணிக்குத்தான் ருசி.

விமானத்துக்கு அன்றைக்குக் காலையில் மலையில் இருந்து இறங்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ரயில் தாமதமாகும், கடுகண்ணாவையில் வாகனம் நெரியும், மழை பெய்தால் பாதையில் கல் விழுந்து ஒருபக்கமாக விடுவார்கள். முதல் நாளே இறங்கி நீர்கொழும்பில் தங்கிவிடுங்கள், அங்கிருந்து விமான நிலையம் அரை மணி நேரத்துக்குள்தான்.